வாழிட எல்லைக்கு அப்பால் தென்படும் கடல் விலங்குகள்

வாழிட எல்லைக்கு அப்பால் தென்படும் கடல் விலங்குகள் எனப்படுபவை, தம் இனம் வழக்கமாக வாழ்ந்துவரும் கடற்பரப்புக்கு வெளியே தனித்தோ கூட்டமாகவோ காணப்படும் விலங்குகள் ஆகும். புயல், கடல் நீரோட்டம், நீரின் வெப்பநிலை மாற்றம், கப்பல் போக்குவரத்து ஆகியவை இதற்கு முதன்மையான காரணங்களாகும். வெப்பமண்டலக் கடலுக்குரிய ஆமை குளிர்நாட்டுக் கரையில் ஒதுங்குவதும், ஆழ்கடலுக்குரிய திமிங்கலம் இடுப்பளவு நீரில் வந்து சிக்குவதும், தென்னமெரிக்கக் கரைக்குரிய மட்டி எண்ணூர்க் கழிமுகத்தில் குடியேறுவதும் இதன் வெவ்வேறு வடிவங்களே.

தமிழ்நாட்டில் இத்தகைய நிகழ்வுகள் பல பதிவாகியுள்ளன. 2023 டிசம்பரில் மிக்சாங் புயலை அடுத்துச் சென்னை பெசன்ட் நகர் கடற்கரையில் நீல டிராகன் என்னும் சிறு கடல் நத்தைகள் ஒதுங்கியது அண்மைக் காலத்தில் பெரிதும் பேசப்பட்டது. ஆதம்பாக்கம், வேளச்சேரி, அடையாறு முதலிய தென்சென்னைப் பகுதி மக்களுக்கு மிக அருகில் உள்ள கடற்கரைகளுள் ஒன்று அது. சிறுவர்கள் வெறுங்காலுடன் விளையாடும் இடம் என்பதால், ஒதுங்கிய உயிரினம் எது என்னும் கேள்வி வெறும் ஆர்வத்தோடு நின்றுவிடவில்லை.

எல்லை என்பதன் பொருள்

நிலத்தில் வாழும் விலங்கின் எல்லையை மலை, ஆறு, பாலைவனம் முதலியன வகுக்கின்றன. கடலில் அத்தகைய வேலிகள் குறைவு. நீரின் வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம், நீரோட்டத்தின் திசை, உணவு கிடைக்குமிடம் ஆகியவையே அங்கு எல்லைகள். இவை ஆண்டுக்கு ஆண்டு இடம் மாறக்கூடியவை. ஆகவே ஒரு கடல் விலங்கின் பரவலைக் காட்டும் நிலப்படத்தில் உள்ள கோட்டை நாட்டு எல்லையைப் போல உறுதியானதாகக் கருதுதல் கூடாது.

எல்லை கடந்து தென்படும் விலங்குகளை உயிரியலாளர் மூவகையாகப் பிரித்துப் பார்ப்பர். முதலாவது, வழிதவறி வந்தவை. இவை ஓரிரு நாளில் இறந்துவிடும் அல்லது திரும்பிவிடும். இரண்டாவது, சூழல் மாறியதால் தம் பரப்பைத் தாமே விரித்துக்கொள்பவை. மூன்றாவது, மனிதரால் தெரிந்தோ தெரியாமலோ கொண்டுவரப்பட்டவை. கரையில் முதல் விலங்கைக் காணும்போது அது எவ்வகையைச் சேர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அடுத்தடுத்த ஆண்டுகளிலும் அது வருகின்றதா, இனப்பெருக்கம் செய்கின்றதா என்பதைக் கொண்டே அதைத் தீர்மானிக்க முடியும். முதல் பதிவு தேதியோடும் இடத்தோடும் எழுதி வைக்கப்பட வேண்டியதன் தேவை இதனாலேயே எழுகின்றது.

பெசன்ட் நகரில் நீல டிராகன், 2023

மிக்சாங் புயல் 2023 டிசம்பர் முதல் வாரத்தில் வங்காள விரிகுடாவில் சென்னைக்கு அருகே மெல்ல நகர்ந்து, டிசம்பர் 5 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 4 அன்று சென்னையின் பெரும்பகுதி வெள்ளத்தில் மூழ்கியது. வெள்ளம் வடிந்துகொண்டிருந்த நாட்களில் பெசன்ட் நகர் மணலில் விரல் நுனியளவே உள்ள, பளிச்சிடும் நீல நிற உயிரினங்கள் கண்டெடுக்கப்பட்டன. அவை நீல டிராகன்கள் என அடையாளம் காணப்பட்டன. தொட வேண்டாம் என்று பொதுமக்களுக்கு எச்சரிக்கையும் விடுக்கப்பட்டது.

நீல டிராகனின் அறிவியற் பெயர் கிளாக்கசு அட்லாண்டிக்கசு. குக் தளபதியின் இரண்டாம் கடற்பயணத்தில் உடன் சென்ற இயற்கையியலாளர் பார்சுட்டர் 1777 இல் இதற்கு இப்பெயரைச் சூட்டினார். கிளாக்கசு என்பவன் கிரேக்கத் தொன்மத்தில் வரும் மீனவன். ஒரு மூலிகையைத் தின்று கடல் தெய்வமாக மாறியவன். பெயரின் பின்பாதி சற்றுப் பொருத்தமற்றது. இவ்விலங்கு அட்லாண்டிக் பெருங்கடலில் மட்டுமன்றி இந்திய, பசிபிக் பெருங்கடல்களிலும் வாழ்கின்றது. இந்தியாவில் 2012 இல் ஆந்திரப் பிரதேசக் கடலோரத்திலும், 2013 இல் பெரு நாட்டுக் கடலிலும் இது பதிவாகியுள்ளது.

ஆகவே வங்காள விரிகுடா இதற்கு முற்றிலும் அந்நியமான கடல் அன்று. அந்நியமானது கரையே. நீல டிராகன் தன் வாழ்நாள் முழுவதையும் திறந்த கடலின் மேற்பரப்பில் மிதந்தே கழிக்கின்றது. தன் இரைப்பையில் காற்றுக் குமிழியை வைத்துக்கொண்டு தலைகீழாக மிதக்கும். மேலே நோக்கியிருக்கும் வயிற்றுப்புறம் நீல நிறம் கொண்டது; வானிலிருந்து பார்க்கும் பறவைக்கு அது கடல் நிறத்தோடு கலந்துவிடும். கீழே நோக்கியிருக்கும் முதுகுப்புறம் வெள்ளி கலந்த சாம்பல் நிறம். அடியிலிருந்து பார்க்கும் மீனுக்கு அது ஒளிரும் நீர்ப்பரப்பாகவே தோன்றும். நீளம் பொதுவாக 3 சென்டிமீட்டர் அளவே. உடலின் இருபுறமும் விரல்கள் போல விரியும் கிளைகளே இதற்கு டிராகன் என்னும் பெயரை வாங்கித் தந்தன. இதற்கு ஓடு இல்லை. ஒவ்வொரு விலங்கிலும் ஆண், பெண் உறுப்புகள் இரண்டும் உண்டு.

இதன் உணவு வியப்புக்குரியது. நீலக் குடுவை அல்லது போர்த்துக்கீசப் போர்க்கப்பல் எனப்படும் பைசாலியா, நீலப் பொத்தான் எனப்படும் பார்பிட்டா, சிறு பாய் விரித்தாற்போல் மிதக்கும் வெலெல்லா ஆகியவற்றை இது தின்கின்றது. நம் மீனவர் சொறி என்று பொதுவாகச் சொல்லும் கூட்டத்தோடு இவற்றைச் சேர்த்துப் பேசுவது வழக்கம். ஆயினும் இவை உண்மையான சொறிமுட்டைகள் அல்ல, அவற்றின் உறவினங்களே. இவற்றின் உணர்விழைகளில் நச்சைப் பாய்ச்சும் கொட்டும் செல்கள் உள்ளன. நீல டிராகன் அச்செல்களை வெடிக்காமல் விழுங்கி, தன் கிளைகளின் நுனியிலுள்ள பைகளில் சேமித்துத் தன் ஆயுதமாகப் பயன்படுத்திக்கொள்கின்றது. ஆகவே இது நஞ்சை உற்பத்தி செய்யும் விலங்கு அன்று, களவாடும் விலங்கு. சேமிப்பில் செறிவு மிகுதியாதலால், இதன் கொட்டு பைசாலியாவின் கொட்டைவிடக் கடுமையாக இருக்கக்கூடும்.

நீந்தும் ஆற்றல் இதற்கு மிகக் குறைவு. இதன் இரையும் அவ்வாறே. காற்று எத்திசையில் வீசுகின்றதோ அத்திசையில் இவையெல்லாம் ஒரே கூட்டமாகச் செல்லும். இக்கூட்டத்தைக் கடலியலாளர் நீலக் கப்பற்படை என்று அழைப்பதுண்டு. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தியாவின் கிழக்குக் கரையோர நீரோட்டம் வடக்கிலிருந்து தெற்காக ஓடும். வாடையும் கொண்டலும் கரையை நோக்கி வீசும். இவற்றோடு புயலும் சேர்ந்தால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அப்பால் மிதந்தவை கரைக்கு வந்துவிடும். நீல டிராகனைக் கண்டவர் அதைச் சுற்றிலும் நீலப் பொத்தான்கள் கிடக்கின்றனவா என்று பார்ப்பது நல்லது. இரை இருக்குமிடத்தில் வேட்டையாடியும் இருக்கும் என்பதால் இது நம்பத்தக்க அடையாளக் குறிப்பாகும்.

மத்தியதரைக் கடலிலும் இதே விலங்கு செய்தியாயிற்று. இபிசாத் தீவருகே 1705 இல் இது பற்றி எழுதப்பட்ட பழைய குறிப்பு ஒன்று உண்டு. அதன்பின் அக்கடலில் நெடுங்காலம் அரிதாகவே இருந்த நீல டிராகன், 2025 ஆகத்தில் எசுப்பானியாவின் குவார்டமார் டெல் செகூராக் கடற்கரையில் கிடைத்தபோது, நகராட்சி சிவப்புக் கொடி ஏற்றிக் குளிப்பதற்குத் தற்காலிகத் தடை விதித்தது. இரண்டே இரண்டு சிறு நத்தைகளுக்காகக் கோடைகாலச் சுற்றுலாக் கடற்கரை ஒன்று மூடப்பட்டது மிகையாகத் தோன்றலாம். குளிப்பவர் ஆயிரக்கணக்கில் இருக்கும் இடத்தில், இரண்டு கண்ணில் பட்டால் படாதவை எத்தனை என்னும் கணக்கு அது.

கொட்டுக்கு முதலுதவி

நீல டிராகனின் நச்சு பைசாலியாவிடமிருந்து பெற்றதேயாதலால் இரண்டின் கொட்டுக்கும் முதலுதவி ஒன்றே. கொட்டிய இடத்தைத் தேய்க்கக் கூடாது. மணல் கொண்டு உரசுவது மிகத் தவறு. ஒட்டியிருக்கும் இழைகளைக் கையுறை அல்லது குச்சி கொண்டு அகற்றிக் கடல்நீரால் கழுவ வேண்டும். பின்னர் தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் அவ்விடத்தை வைத்திருத்தல் வலியைக் குறைக்கும். ஆத்திரேலியாவில் பைசாலியா கொட்டிய 96 பேரிடம் நடத்தப்பெற்று 2006 இல் வெளியான ஆய்வில், 45 பாகை செல்சியசு வெப்பமுள்ள நீரில் 20 நிமிடம் வைத்தவர்களுள் 87 விழுக்காட்டினருக்கு வலி தணிந்தது; பனிக்கட்டி வைத்தவர்களுள் 33 விழுக்காட்டினருக்கே தணிந்தது. மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, உடல் முழுவதும் தடிப்பு ஆகியவை தோன்றினால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கரையில் இறந்து கிடக்கும் நீல டிராகனும் கொட்டும். கொட்டும் செல்கள் செயற்படுவதற்கு விலங்கு உயிரோடு இருக்கத் தேவையில்லை.

மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு

உலகின் பாம்புகளுள் மிகப் பரந்த கடற்பரப்பில் வாழ்வது மஞ்சள் வயிற்றுக் கடற்பாம்பு. கிழக்கு ஆப்பிரிக்கக் கரை தொடங்கி வங்காள விரிகுடா வழியாக அமெரிக்காவின் மேற்குக் கரை வரை இது காணப்படுகின்றது. நிலத்தை ஒருபோதும் நாடாமல் திறந்த கடலிலேயே குட்டி ஈனும். வயிற்றுச் செதில்கள் சிறுத்துப் போனதால் மணலில் இதனால் ஊர்ந்து செல்ல முடியாது. கரையில் காணப்படும் இப்பாம்பு அநேகமாக நோயுற்றதாகவோ புயலில் அடிபட்டதாகவோதான் இருக்கும். அசைவின்றிக் கிடந்தாலும் இது கடும் நச்சுடையது; காலால் தள்ளுவதும் வாலைப் பிடித்துத் தூக்குவதும் ஆபத்து.

2015 இல் வலுவான எல் நீனோ நிலை ஏற்பட்டுக் கலிபோர்னியக் கடல் வெதுவெதுப்பானபோது, அவ்வாண்டு அக்டோபரில் ஆக்சுனார்டு நகரக் கடற்கரை வரை இப்பாம்பு வந்தது. அம்மாநிலத்தில் அதற்கு முன் இது பதிவானது 1972 இல். தொடர்ந்து 2015 டிசம்பரிலும் 2016 சனவரியிலும் தெற்குக் கலிபோர்னியாவில் மேலும் கிடைத்தன. எனினும் அட்லாண்டிக் பெருங்கடலில் இப்பாம்பு குடியேறவில்லை. ஆப்பிரிக்காவின் தென்மேற்குக் கரையில் ஓடும் குளிர்ந்த பெங்குவேலா நீரோட்டம் ஒரு பக்கமும், பனாமாக் கால்வாயின் நன்னீர் மறுபக்கமும் தடையாக நிற்கின்றன. கண்ணுக்குத் தெரியாத எல்லை எவ்வளவு வலிமையானது என்பதற்கு இது நல்ல சான்று.

பங்குனி ஆமையின் நெடும்பயணம்

சென்னையில் சனவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிட வரும் பங்குனி ஆமை இங்கு அரிய விருந்தாளி அன்று, தொன்றுதொட்டு வருவதே. 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவில் நடந்து இவற்றின் முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாத்து வருகின்றனர். ஆனால் இதே இனத்தைச் சேர்ந்த ஆமை ஒன்று 2016 நவம்பரில் பிரித்தானியாவின் வேல்சுப் பகுதியில் ஆங்கில்சித் தீவின் கரையில் குளிரில் விறைத்த நிலையில் கண்டெடுக்கப்பட்டது. பிரித்தானியாவில் இவ்வினம் பதிவானது அதுவே முதன்முறை. பங்குனி ஆமைகள் அட்லாண்டிக்கிலும் வாழ்வதால் அது சென்னையிலிருந்து சென்றது என்று எண்ணிவிடக் கூடாது.

ஆமைகள் குளிர்இரத்த விலங்குகள். நீரின் வெப்பம் வெகுவாகக் குறைந்தால் நீந்தும் ஆற்றலை இழந்து நீரோட்டத்தின் போக்கில் மிதக்கும். மெக்சிக்கோ வளைகுடாவுக்குரிய கெம்ப்பு ஆமை ஒன்றும் 2021 நவம்பரில் வேல்சில் இவ்வாறே ஒதுங்கியது. அதனை மெல்ல மெல்லச் சூடேற்றிப் பேணி, 2023 இல் வானூர்தி மூலம் தெக்சாசுக்கு அனுப்பிக் கடலில் விட்டனர். விறைத்த ஆமையை இரக்கப்பட்டு உடனே கடலுக்குள் தள்ளிவிட்டிருந்தால் அது இறந்திருக்கும். நம் கரையிலும் நல்லெண்ணத்தால் நேரும் இத்தவறு அரிதன்று.

மணப்பாடும் பைலட் திமிங்கலங்களும்

தமிழகக் கடலோரத்தில் எல்லை தவறிய விலங்குகளின் மிகப் பெரிய நிகழ்வுகள் இரண்டும் தூத்துக்குடி மாவட்டத்தில் ஏறத்தாழ ஒரே இடத்தில், ஒரே மாதத்தில் நேர்ந்தன. 1973 சனவரி 14 அன்று மணப்பாட்டை ஒட்டிய கரையில் 147 திமிங்கலங்கள் ஒதுங்கின. நாற்பத்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2016 சனவரி 11 மாலை முதல் திருச்செந்தூருக்குத் தெற்கே ஆலந்தலை, கல்லாமொழி, மணப்பாடு கரைகளில் 80 க்கும் மேற்பட்டவை ஒதுங்கின. இரு முறையும் வந்தவை குறுந்துடுப்பு பைலட் திமிங்கலங்கள் ஆகும். வெப்பமண்டல ஆழ்கடலில் கணவாய்களை வேட்டையாடி வாழும் இவ்வினத்துக்கு மன்னார் வளைகுடாவின் ஆழங்குறைந்த கரையோரம் உரிய இடம் அன்று.

2016 இல் மீனவர்கள் இரவோடு இரவாகப் படகுகளில் கட்டி இழுத்துச் சென்று பலவற்றைக் கடலில் விட்டனர். அவற்றுள் சில மீண்டும் கரைக்கே திரும்பின. 40 க்கும் மேற்பட்டவை இறந்தன. அவை கரையிலேயே புதைக்கப்பட்டன. திரும்பி வந்ததற்குக் காரணம் அவற்றின் கூட்டுவாழ்க்கை என்றே கொள்ள வேண்டும். பைலட் திமிங்கலங்கள் தாய்வழிக் குடும்பங்களாக வாழ்பவை. கூட்டத்தில் ஒன்று கரையில் கிடந்து குரல் எழுப்பினால் மற்றவை அதைவிட்டு அகல்வதில்லை. மேலும், மெல்லச் சரியும் மணற்கரையில் இவை எழுப்பும் ஒலி சரிவர எதிரொலித்துத் திரும்பாததால், முன்னால் கரை இருப்பதே தெரியாமல் போகின்றது என்று கருதுவாரும் உளர்.

இந்நிகழ்வுகளில் மீட்போர் அறிய வேண்டியவை சில உண்டு. திமிங்கலத்தை வாலைக் கட்டி இழுத்தால் முதுகெலும்பு சேதமடையும். தலைமேல் உள்ள மூச்சுத்துளைக்குள் நீரோ மணலோ புகாமல் காக்க வேண்டும். உடலை ஈரத்துணியால் போர்த்தி வெயிலினின்று காத்தல் வேண்டும். தன் எடையைத் தாங்கப் பழகாத உடல் மணலில் கிடக்கும்போது நுரையீரல் அழுந்துகின்றது. ஆகவே நேரமே முதல் எதிரி. திமிங்கலங்களும் கடலாமைகளும் 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளவை. எனவே வனத்துறைக்குத் தெரிவிப்பது சட்டப்படியும் தேவையானது.

வந்து தங்கியவை: மத்தி மீன்

வழிதவறி வந்ததாகத் தோன்றுவது சில வேளைகளில் நிலையாகத் தங்கிவிடுகின்றது. கேரளத்தில் மத்தி என்றும், தமிழகக் கரையில் பேய்ச்சாளை என்றும் அழைக்கப்படும் எண்ணெய்ச் சாளை மீன் இதற்கு எடுத்துக்காட்டு. 1985 க்கு முன் இம்மீனின் பிடிப்பு ஏறத்தாழ முழுவதும் மலபார் கரையில், 8 முதல் 14 பாகை வட அகலாங்குக்கு உட்பட்ட பகுதியிலேயே கிடைத்து வந்தது. கிழக்குக் கரையில் அது அரிது. 1990 களில் தமிழ்நாட்டு, ஆந்திரக் கரைகளிலும் வலைகளில் மிகுதியாகக் கிடைக்கலாயிற்று. கடல்மேற்பரப்பு வெப்பநிலை உயர்ந்ததே இவ்விரிவுக்குக் காரணம் என மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் ஈ. விவேகானந்தன் முதலியோர் விளக்கினர். தமிழக மீனவருக்கு இது புதுவரவு. சந்தைக்கு மலிவான நல்ல மீன். எல்லை தாண்டி வரும் அனைத்தும் கேடு என்று கொள்ளலாகாது என்பதற்காகவே இதனை இங்குக் குறிப்பிடுகின்றோம்.

கொண்டுவரப்பட்டவை: காக்கா ஆழி

சென்னையின் வடபுறத்தில் நிலைமை வேறு. எண்ணூர்க் கழிமுகம், கொசத்தலை ஆறு, பழவேற்காடு ஏரி ஆகியவற்றின் அடித்தரையில் கருநிற மட்டி ஒன்று அடர்ந்த விரிப்பாகப் படர்ந்துள்ளது. மீனவர் இதனைக் காக்கா ஆழி என்பர். அறிவியற் பெயர் மைட்டெல்லா சுட்ரிகேட்டா. நடு, தென் அமெரிக்காவின் அட்லாண்டிக், பசிபிக் கரைகள் இதன் தாயகம். ஆசியாவில் பிலிப்பீன்சு, சிங்கப்பூர், தாய்லாந்து ஆகிய நாடுகளில் குடியேறிய பின் கேரளத்தின் கொச்சி உப்பங்கழியிலும் அட்டமுடி ஏரியிலும் பரவி, அங்குள்ள மட்டித் தொழிலைப் பாதித்தது.

இது நீந்தியோ புயலில் மிதந்தோ இவ்வளவு தொலைவு வந்ததாகக் கொள்ள இயலாது. கப்பல்கள் சரக்கின்றிச் செல்லும்போது நிலைப்புக்காக ஒரு துறைமுகத்தில் நீரை நிரப்பி, மற்றொரு துறைமுகத்தில் வெளியேற்றுகின்றன. அந்நீரில் மட்டிகளின் கண்ணுக்குத் தெரியாத இளவுயிரிகள் பயணம் செய்கின்றன. கப்பலின் அடிப்புறத்தில் ஒட்டிக்கொண்டு வருவனவும் உண்டு. நிலைப்பு நீரைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கை 2004 இல் ஏற்கப்பட்டு, 2017 செப்டம்பர் 8 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட பதின்மூன்று ஆண்டுகளில் எத்தனை கப்பல்கள் எத்தனை துறைமுகங்களில் நீரைக் கொட்டின என்பதை எண்ணிப் பார்த்தால் இச்சிக்கலின் அளவு விளங்கும்.

கொசத்தலை ஆற்றில் இறால் பிடிப்போர் பலர் நீரில் இறங்கிக் கைகளால் சேற்றைத் துழாவிப் பிடிப்பவர்கள். இறால் சேற்றில் புதைந்து வாழும் விலங்கு. காக்கா ஆழி அடித்தரையை மூடிவிட்டால் இறாலுக்குப் புதைய இடமில்லை. உள்ளூர் மஞ்சள் ஆழிக்கும் மூச்சில்லை. துழாவும் கைக்கும் காலுக்கும் ஓட்டின் கூர்முனை வெட்டுக்காயம் தருகின்றது. இச்சிக்கல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு வரை சென்றது. பெசன்ட் நகரில் நீல டிராகன் ஒதுங்கிய அதே டிசம்பரில், அதே புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவும் எண்ணூர்க் கழிமுகத்தில் கலந்தது. நகரின் தென்கரையில் ஒரு நீல நத்தை பெற்ற கவனத்தில் ஒரு பகுதியையாவது வடகரையின் கருமட்டி முன்னரே பெற்றிருக்க வேண்டும்.

உலக அளவில் இத்தகைய குடியேற்றத்தின் பெரிய எடுத்துக்காட்டு சூயசுக் கால்வாய். 1869 இல் அது திறக்கப்பட்டது முதல் செங்கடலின் வெப்பமண்டல இனங்கள் நூற்றுக்கணக்கில் மத்தியதரைக் கடலுக்குள் நுழைந்துள்ளன. நச்சு முட்கள் கொண்ட சிங்கமீன், உண்டாரைக் கொல்லக்கூடிய பேத்தை மீன் வகை ஒன்று, கொட்டும் சொறிமுட்டை ஆகியவை அவற்றுள் அடங்கும்.

அடையாளம் காணலும் பதிவு செய்தலும்

அரிய விலங்கு கிடைத்தால் அதோடு வதந்தியும் வருகின்றது. 2025 மே மாதம் தமிழ்நாட்டு மீனவர் வலையில் நீண்ட வெள்ளிநிறத் துடுப்பு மீன் ஒன்று சிக்கியபோது, அது பேரழிவின் முன்னறிவிப்பு என்று செய்தி பரவியது. ஆழ்கடலில் வாழும் இம்மீன் கரையருகே வருவது நிலநடுக்கத்தைக் காட்டும் என்பது சப்பானிய நாட்டார் நம்பிக்கை. சப்பானில் 2019 இல் வெளியான ஆய்வு ஒன்று, ஆழ்கடல் மீன்கள் தென்பட்ட நாட்களையும் நிலநடுக்கங்களையும் ஒப்பிட்டு, இரண்டுக்கும் தொடர்பில்லை என முடிவுரைத்தது.

சென்னையில் இத்தகைய விலங்குகளை அடையாளம் காண வல்ல நிறுவனங்கள் உண்டு. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் கடல் உயிரியல் வட்டார மையமும், மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சென்னை மையமும் சாந்தோம் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ளன. ஆயினும் கரையில் முதலில் நிற்பவர் அறிவியலாளர் அல்லர். மீனவர், காலை நடைக்கு வந்தவர், பள்ளி மாணவர் ஆகியோரே. இவர்கள் எடுக்கும் ஒளிப்படம் அறிவியலுக்குப் பயன்பட வேண்டுமாயின், விலங்கின் அருகே அளவுக்காக நாணயம் அல்லது பேனாவை வைத்து மேல்புறம், கீழ்ப்புறம் இரண்டையும் குச்சியால் புரட்டிப் படமெடுக்க வேண்டும். உயிருள்ள பெரிய விலங்கைப் புரட்டக் கூடாது. நாள், நேரம், கடற்கரையின் பெயர், காற்று வீசிய திசை, அருகில் கிடந்த பிற உயிரினங்கள் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். எத்தனை கிடந்தன என்ற எண்ணிக்கையும் இன்றியமையாதது. காற்றின் திசையை மீனவரிடம் கேட்டறிதல் நன்று. கரையில் நிற்பவர் உணரும் காற்றும் ஆழ்கடலில் அடித்த காற்றும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை.

விலங்கைப் புட்டியில் அடைத்து வீட்டுக்குக் கொண்டு செல்வதைத் தவிர்க்க வேண்டும். நீல டிராகன் வீட்டு நீர்த்தொட்டியில் வாழாது; அதற்குரிய இரையை எவராலும் நாள்தோறும் தர இயலாது. மணலில் உயிரோடு கிடப்பதைக் கையுறையோ தகடோ கொண்டு எடுத்து அலைக்கு அப்பால் விட்டாலும், அதே காற்று நீடிக்கும்வரை அது மீண்டும் கரைக்கே வரும்.